பெட்டியக்கா கடைசியாகத் தேர்ந்தெடுத்த கிளட்ச் பிளேட்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் மெக்கானிக் சங்கத் தலைவர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் உதிரிபாகக் கடைப் பெரியவர் அவர்களே, வேலையைப் பாதியில் வைத்துவிட்டுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து அமர்ந்திருக்கும் பட்டறை மாமாக்களே, அவர்கள் வீட்டு அத்தைகளே, கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் என் அப்பாவே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எங்கள் குடும்பத்தின் சார்பில் அப்பா பேசுவார் என்றுதான் நினைத்திருப்பீர்கள். தனக்கு வாய் வராது என்று அவர் சொல்லிவிட்டார். நான் பேசப்போவது அவருக்குத் தெரியாது. வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே எனக்குக் கூச்சம். குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்தப் பெட்டியக்கா? எனக்கு அத்தை, என் அப்பாவின் ஒரே தங்கை. உங்களுக்கோ, அக்கா! வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதானே அழைத்தீர்கள்? ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியைப் பிரித்துக் கோப்பதில் அவருக்கு இணை அவரேதான் என்பதால், பெட்டியக்கா. அவர் கழித்துப்போட்ட இரும்பு பிளேட்டுகள்தான் எங்கள் சமையலறையில் சூடான பாத்திரம் வைக்கும் வளையங்கள். அம்மா திட்டிக்கொண்டே தேய்த்துத் தேய்த்து வைப்பார். அத்தை மறுநாளே இன்னும் இரண்டைக் கொண்டுவந்து சேர்ப்பார்.

பட்டறை பக்கம் வராதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குள் கிளட்ச் பிளேட்டுகள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். ஒன்று வெறும் இரும்பு, அடுத்தது நார் ஒட்டியது, மறுபடி இரும்பு. எண்ணெயின் அழுத்தத்தில் அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் எஞ்சினின் வலு சக்கரத்துக்குப் போகும். காகித நார் ஒட்டியது மெத்தென்று பிடிக்கும், ஆனால் சூடு மிஞ்சினால் கருகும். கெவ்லார் என்கிற செயற்கை நார் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் அழுத்தத்தை ஏற்றினால்தான் பிடிக்கும். ஏற்றினால் ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் முதுகில் உதை விழும். எஞ்சினுக்கு வலு ஏற்றிய வண்டி வந்தால் எதைப் போடுவது? அங்கேதான் நம் பெட்டியக்கா நின்றார்!

எல்லோரும் எஞ்சின் எவ்வளவு வலு என்று கேட்பார்கள். அத்தை முதலில் கேட்பது வேறு. "இந்த வண்டியில உன்கூட வேற யாரு உக்காருவாங்க?"

பால் வண்டி ஓட்டும் மாமா இங்கே வந்திருக்கிறார். பந்தய வண்டிக்குப் போடுவதையே தன் வண்டிக்கும் போடவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அத்தை மறுக்கவில்லை. "போட்டுடலாம். வண்டி உதைக்கிற உதையில நீ போய்ச் சேரும்போது பால் வெண்ணெயா இருக்கும். அதையும் சேர்த்து வித்துக்க" என்றார். மாமா காகித நாருக்கு இறங்கி வந்தார். அந்தப் பெட்டி இன்றுவரை பிரிக்கப்படவில்லை. சரிதானே, மாமா?

கருகிய பெட்டி வந்தால் எண்ணெயை முகர்ந்து பார்ப்பார். பிளேட்டை நகத்தால் கீறுவார். இரும்பு பிளேட்டுகளைக் கண்ணாடிப் பலகையில் கிடத்தி, விரலால் ஓரத்தைத் தட்டுவார். ஆடினால் அது வளைந்தது, எங்கள் சமையலறைக்கு! வண்டி ஓடத் தயாரானதும் அப்பாதான் ஓட்டிப் பார்த்துச் சொல்வார். அத்தை கோப்பார், அப்பா ஓட்டுவார். அப்படித்தான் அந்தப் பட்டறை நடந்தது.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் நான் எழுந்து வந்தேன்.

அவர் கடைசியாகப் பிரித்த பெட்டி பந்தயக்கார அண்ணனுடையது. அந்த எஞ்சினின் வலுவுக்குக் கெவ்லார்தான் என்று அத்தை முடிவு செய்தார். அப்பா வேண்டாம் என்றார். பெட்டியைக் கழற்றும் முன் அவர் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தார். பக்கத்து இருக்கையில் முதுகுக்கு வைக்கும் தலையணை ஒன்று கட்டியிருந்ததாம். விசாரித்தால், அந்த அண்ணன் பந்தயம் இல்லாத நாட்களில் முதுகில் ஆபரேஷன் செய்த தன் அம்மாவை அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்.

அத்தை கேட்கவில்லை. பேச்சு தடித்தது. அன்று பட்டறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஓட்டுறது உங்க வேலை அண்ணா. உள்ள என்ன போடறதுங்கிறது என் வேலை."

"அப்ப நீயே பாத்துக்க. இனிமே உன் பெட்டிய நான் தொட மாட்டேன்."

மறுநாள் காலையில் அத்தை எழுந்திருக்கவில்லை.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். பட்டறையில் அத்தை பெட்டி கோக்கும் அறை பூட்டிக் கிடக்கிறது. பந்தயக்கார அண்ணன் இரண்டு முறை வந்து வாசலோடு திரும்பிப் போனார். வீட்டில் அத்தை பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். தங்கை தன்மேல் கோபமாகவே போய்விட்டாள் என்று அவர் நினைக்கிறார். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் சொல்ல முடியாததைச் சபையில் சொல்கிறேன். இங்கிருந்து எழுந்து போகாதீர்கள், அப்பா.

அன்று சாயங்காலம், நீங்கள் போன பிறகு, அத்தைக்கு நான் டீ கொண்டுபோனேன். கெவ்லார் பிளேட்டுகளை அவர் உறையிலேயே திருப்பிப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். ஏன் அத்தை என்றேன்.

"நான் கேக்க வேண்டிய கேள்விய உங்கப்பா கேட்டுட்டாரு. பந்தய வண்டின்னதும் எனக்கு எஞ்சின்தான் கண்ணுல தெரிஞ்சுது. அந்த அம்மா தெரியல."

பிறகு காகித நார் பிளேட்டுகளை எடுத்து, தட்டில் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். உலர்ந்தபடி கோத்தால் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும் என்பதால் எப்போதும் ஊறவைத்துத்தான் கோப்பார். இரும்பில் தடித்ததைப் பொறுக்கி வைத்தார். தடித்தது இடத்தை அடைப்பதால் பிளேட் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு இருக்கும் என்றார். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லட்டுமா என்றேன். சிரித்தார்.

"இப்ப சொல்லாத. சொன்னா ஒரு வாரத்துக்கு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிவாரு, தாங்க முடியாது. காலைல அவரே வந்து இந்தத் தட்டப் பாக்கட்டும். பாத்துட்டு என்ன சொல்றார்னு நான் பாக்கணும்."

கோபித்துக்கொண்டு போகிறவர் பேசுகிற பேச்சா இது? சபையோரே, சொல்லுங்கள், இது கோபமா?

அப்பா, அத்தை உங்கள்மேல் கோபமாகப் போகவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிற ஆசையோடு போய்ப் படுத்தார்.

பெட்டியக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் உறுதி சொன்னீர்கள். நன்றி. எங்கள் குடும்பத்தின் உறுதியைச் சொல்லவேண்டியவர் நான் அல்ல. தட்டு அங்கேயே இருக்கிறது, துணி போட்டு மூடி. எண்ணெயில் இன்னும் நாலு நாள் கிடந்தாலும் பிளேட்டுக்குக் கெடுதல் இல்லை. இந்தக் கூட்டம் முடிந்ததும் அறையைத் திறங்கள், அப்பா. அத்தை கோப்பதைப் பார்த்துப் பழகியவர் நீங்கள்; நீங்களே கோத்து முடியுங்கள், நான் விளக்குப் பிடிக்கிறேன். அந்த அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி போகவேண்டுமாம்.