பச்சைப் பெட்டி, கறுப்புப் பெட்டி

— பச்சைப் பெட்டிய உடைச்சது யாரு பாப்பா?

— நான்தாண்ணா. நாணயக் கடைக்காரர் சுத்தியல் எடுத்துக் கொடுத்தாரு. பிளாஸ்டிக்தானே, ரெண்டே தட்டுல விட்டுடுச்சு. காசு மேல ஒரு கீறல் விழல, சொல்லிட்டேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா விடுவியா? நீ பழைய காசுக்கு மார்க்கு போடுற கம்பெனிக்கு நானே அனுப்பினா உனக்குக் கெட்ட பேருனு, கடைக்காரர் பேருலதான் அனுப்பினேன். இப்ப உங்க கறுப்புப் பெட்டில அடைச்சுத் திருப்பி அனுப்பிட்டீங்க. எழுபதுக்கு அறுபத்திரண்டாம். அதே காசுக்கு அந்தப் பச்சைப் பெட்டிக் கம்பெனிக்காரன் அறுபத்தஞ்சு போட்டிருந்தான். அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன ஒரே பொருள். வழியில இளைச்சா போச்சு அது?

— மெதுவா பேசு. மாடிப்படில ஆளுங்க வர்ற நேரம்.

— வரட்டும். எனக்கென்ன பயம்?

— இங்க பாரு. பச்சைப் பெட்டிக்காரங்களுக்குக் கை தாராளம். அது வாங்குறவங்க எல்லாருக்கும் தெரியும். அறுபத்தஞ்சுன்னு சீட்டு ஒட்டியிருந்தா, மனசுக்குள்ள ரெண்டு மூணு கழிச்சுட்டுத்தான் விலை கேப்பாங்க. நாங்க கறாரு. எங்க சீட்டுன்னா மறுபேச்சு கிடையாது.

— கடைக்காரரும் அதைத்தான் சொன்னாரு. பச்சைப் பெட்டியோட கொடுத்தா மூணு லட்சம், உங்க பெட்டில அதே அறுபத்தஞ்சு வாங்கிட்டு வந்தா ஒன்பதுன்னாரு. உள்ள இருக்கறது ஒரே காசுதானேன்னு கேட்டேன். காசை யாரும்மா பாக்கறா, சீட்டைத்தானே பாக்கறாங்கன்னு சிரிச்சாரு. இப்ப அறுபத்திரண்டுக்கு எவ்வளவு தெரியுமா? தொண்ணூறாயிரம். உடைக்காம இருந்திருந்தா மூணு லட்சமாவது மிஞ்சியிருக்கும்.

— அது வந்து... பச்சைப் பெட்டில ஒரு நப்பாசை இருக்கும் பாப்பா. உடைச்சு அனுப்பினா எங்ககிட்டயும் அறுபத்தஞ்சு வந்துடாதான்னு. வாங்குறவன் அந்த ஆசைக்கும் சேத்துத்தான் கொடுப்பான். இப்ப ஆசை போயிடுச்சு, வெறும் காசுதான் இருக்கு.

— நல்லா இருக்கே நியாயம்! வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலைன்னா கட்டடக்காரர் என் தையல் கடைய வேற ஆளுக்கு எழுதிக் கொடுத்துடுவாரு. மூணு மெஷின், என்னை நம்பி ரெண்டு பொம்பளைங்க. பதினாலு வருஷமா அந்த ஜன்னல் வெளிச்சத்துலதான் ஊசி கோக்கறேன். எங்கண்ணா தூக்கிட்டுப் போவேன் அதையெல்லாம்? சரி, பச்சைப் பெட்டிக்காரன்கிட்டயே மறுபடி அனுப்பட்டுமா?

— அவங்க அறுபத்தஞ்சு போட்டாலும் பிரயோஜனம் இல்ல. எங்க இணையதளத்துல படத்தோட ஏறிடுச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா அதே காசுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்சிடும்.

— அப்ப நீ ஒரு தடவை உள்ள வாங்கிப் பாரேன். ஏத்திப் போடச் சொல்லல. இருக்கறதைப் போடு, போதும்.

— முடியாது பாப்பா. போன வருஷம் ஒருத்தன் மச்சானோட காசுக்கு ஒரே ஒரு மார்க்கு ஏத்திப் போட்டான். பன்னண்டு வருஷ சர்வீஸ். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட விடல, கழுத்துல தொங்கின லென்ஸை வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. அதுலேர்ந்து கண்ணு நல்லா பாக்குது, கைதான் எழுத யோசிக்குது.

— நாணயத்தையே பாத்துப் பாத்து உங்களுக்கெல்லாம் நாணயம் முத்திப்போச்சு.

— சிரிக்காத.

— அழுதா முகம் வீங்கிடும்ணா. மூணு மணிக்கு ஒருத்தங்க அளவு கொடுக்க வர்றாங்க. ஆமா, ஒரு காசை எத்தனை பேரு பாப்பீங்க?

— மூணு பேரு. முதல் ரெண்டு பேரு தனித்தனியா எழுதுவாங்க. மூணாவது ஆள் போடறதுதான் முடிவு. யாரு அனுப்பினாங்கன்னு எதுலயும் இருக்காது, நம்பர் மட்டும்தான்.

— அந்த ரெண்டு பேரு என்ன எழுதினாங்க?

— விடு பாப்பா.

— சொல்லுண்ணா.

— அறுபத்தஞ்சு. ரெண்டு பேருமே.

— கடவுளே! அப்ப அந்த மூணாவது ஆளைக் கூப்பிடு. கால்ல வேணாலும் விழறேன். உன்மேல எனக்குக் கோபமே இல்ல, உன்னால என்ன பண்ண முடியும். ஆனா அவன் மூஞ்சிய நான் பாக்கணும். அவனுக்கு அது வெறும் நம்பர். யாரோட காசுன்னு தெரிஞ்சிருந்தா இப்படிப் போட்டிருப்பானா?

— தெரிஞ்சதாலதான் போட்டேன் பாப்பா. அப்பாவோட காசுன்னு பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு... வேற யாரோடதாவது இருந்திருந்தா நானும் அறுபத்தஞ்சுதான் போட்டிருப்பேன்.