இருபது பேருக்கும் ஏழு சுத்து

இல்ல தம்பி, அந்த பெஞ்சு வேண்டாம், ஈரம். இப்பதான் ஐஸ் பையெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. இப்படி அடுப்புப் பக்கமா வந்து உக்காருங்க. கோச்சு இப்ப வர மாட்டா. தசை பிடிச்சுக் கிடக்கற ஆறு பிள்ளைங்களுக்கும் கால்ல கட்டுப் போட்டு முடிச்சுட்டுத்தான் வருவா. டீ குடிங்க. சர்க்கரை கம்மியாத்தான் இருக்கும், டப்பாவை அவ பூட்டி வச்சிருக்கா.

ஆமா, நான் அவ அம்மாதான். கால்பந்துச் சங்கத்துலருந்து வர்றீங்களா? அவளை எடுத்துட்டு வேற ஆளைப் போடற கடிதம்தானே அது? நல்ல சேதின்னா போன்லயே சொல்லியிருப்பாங்களே.

நான் சமைக்கத்தான் வந்தேன் தம்பி. மூணு வார முகாம், இருபது பொண்ணுங்க. சமையக்காரரு ரெண்டாம் நாளே பெரிய கும்பிடா போட்டுட்டு ஓடிட்டாரு. உப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவுன்னு தராசு வச்சு நிறுத்துக் குடுத்தா யாருதான் நிப்பாங்க? சரி, பெத்தவளாச்சேன்னு வந்தேன். வந்த அன்னிக்கே சொல்லிட்டா, மைதானத்துக்குள்ள கால் வச்சுட்டா நான் உன் பொண்ணு இல்லம்மா, கோச்சுன்னு. சரிங்க கோச்சுன்னுட்டேன். வீட்டுல ஒரு டம்ளர் கழுவி வச்சவ இல்ல, இங்க இருபது பேரை விடியக்காலையில எழுப்பி ஓட விடறா!

கல்நெஞ்சக்காரின்னு அந்த ஆறுல ஒரு பொண்ணோட அப்பா எழுதிக் குடுத்தாரா? எழுதட்டும், பெத்த மனசு. போட்டி தொடங்க எட்டு நாள்தான் இருக்கு, ஆறு பேரு தொடை பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க. கோல் கீப்பரை ஒட்டகம்னுதான் கூப்பிடுவோம், அவ்வளவு உயரம். அது மாடிப்படியில ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்குது. பாத்து நான் அழுதா, அது சிரிக்குது. அம்மா, கோல் கம்பத்தையும் இந்த உயரத்துக்கு வெட்டச் சொல்லுங்கங்குது.

ஆனா ஒண்ணு தம்பி, என் பொண்ணு கண்மண் தெரியாம வேலை வாங்கல. முதல் வாரமே ஒரு ஓட்டம் வச்சா. பன்னெண்டு நிமிஷத்துல யாரு எத்தனை சுத்து ஓடறாங்களோ, அதைப் பாத்துத்தான் யாருக்கு எவ்வளவு பயிற்சின்னு முடிவு பண்ணுவா. அஞ்சு சுத்துன்னா சுமாரு. ஏழுன்னா கெட்டி. பாத்தா, இருபது பேரும் ஏழு! ஒட்டகம்கூட ஏழு! நோட்டைப் பாத்ததும் இவ முகம் அப்படியே மலர்ந்துச்சு. இப்படி ஒரு டீம் எனக்குக் கிடைச்சதே இல்லம்மான்னா. மறுநாளே மணல் மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் படியேற விட்டுட்டா. தெம்பான பிள்ளைங்களுக்குக் குடுக்கற பயிற்சியைத்தானே குடுத்தா? அதுல அவ தப்பு என்ன?

உதவி கோச்சா? காய்ச்சல்னு மூணாம் நாள் ஊருக்குப் போனவங்க, இன்னும் காய்ச்சல் விடலையாம்.

இல்ல, சுத்தை அவ எண்ணல. அவ எதிர்ப்பக்கம் நின்னு விசில் ஊதிக்கிட்டு இருந்தா. அஞ்சஞ்சு பேரா ஓடினாங்க. சுத்து முடியற கொடியைத் தாண்டும்போது முதுகுல இருக்கற நம்பரைப் பாத்து நோட்டுல ஒரு கோடு போடணும், அவ்வளவுதான் எனக்கு வேலை. ஆனா அந்தப் பிள்ளைங்க மூஞ்சியைப் பாக்கணுமே நீங்க! மூணாவது சுத்துலயே உதடு வெளுத்து, மூச்சு வாங்கி... கடவுளே, இதுங்களைப் பத்திரமா கொண்டுவந்து சேத்துடுப்பான்னு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டுட்டுத் திறந்தா, யாரோ தாண்டிப் போயிருக்காங்க. யாருன்னு எப்படித் தெரியும்? ஒருத்திக்குப் போட்டு ஒருத்திக்கு விட்டா பாவமில்லையா? அதான் அஞ்சு பேருக்கும் ஒவ்வொரு கோடு.

ஒவ்வொரு அஞ்சு பேருக்கும் ரெண்டு தடவையாவது கும்பிட்டிருப்பேன். அஞ்சு சுத்து ஓடினதெல்லாம் நோட்டுல ஏழு.

நேத்து காய் நறுக்கும்போது அவகிட்ட சொல்லிட்டேன். நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாப் புரட்டினா. அப்புறம், எண்ணச் சொன்னது நான்தானே, பொறுப்பு என்னுது, நீ யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னா. கோச்சு சொன்னா கேட்டுத்தான் ஆகணும். ஆனா இது மைதானம் இல்லையே தம்பி, சமையக்கட்டு. இங்க அவ என் பொண்ணு.

இந்தாங்க நோட்டு. நடந்ததை நீங்களே எழுதிக்கோங்க, அடியில நான் கையெழுத்துப் போடறேன். என்னை எழுதச் சொல்லாதீங்க. உங்க மூஞ்சியும் வாடித்தான் கிடக்கு, பாவம் பாத்து அதுலயும் ரெண்டு கோடு கூடப் போட்டுடுவேன்.