தேடினால் வரும் படம்

“‘கால் ஊனம்’னு தேடினா மொதல்ல வர்றது என் போட்டோதாம்மா.”

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் தன் அம்மாவிடம் கைபேசியை நீட்டினாள்.

“வரன் பாக்குற கல்யாண ஆபீஸ்ல, ‘நாங்க பாக்க மட்டுந்தான் அப்படிக் குறிச்சு வைப்போம்’னாக, ஆத்தா,” என்றாள் அம்மா.

“இப்ப அவுக வெப்சைட்டுல யாரு வேணாலும் தேடலாம்னு தொறந்துவிட்டாகளே. கூட வேல பாக்குறவளே காட்டிச் சிரிக்கிறா. என் கால் விசயத்த ஆபீஸ்ல யாரு சொன்னா?”

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நாந்தான். வர்றவுக ஒன் நடையப் பாத்துட்டு, காப்பியக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போறாகல்ல. முன்னமே தெரிஞ்சுட்டா அப்படிப்பட்டவுக வரமாட்டாகன்னு நெனச்சேன்.”

“வந்தவுக ஒரு தடவ பாத்துட்டுப் போயிட்டாக. இது யாரு தேடினாலும் வந்து நிக்கும்.”

சின்னமனூரில் வண்டி நின்றது. கம்பத்துக்குச் சீட்டு எடுத்திருந்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க விந்தி விந்தி நடந்து, அம்மாவை விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.