சம்பந்தியம்மாவுக்கு ஒரு கிண்ணம் சீம்பாலு

இல்ல சம்பந்தியம்மா, நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. ஒளிச்சு வைக்கிற ஒடம்பா ஒங்க பொண்ணு ஒடம்பு இப்ப? வாசப்படியில நுழையறதுக்கு ஒருக்களிச்சுல்ல வரா. கலியம்மா வூட்டுக்குப் போயிருக்கா, இந்தா, மூணாவது வூடு. தல சீவிக்கிட்டு வந்துருவா. நீங்க மொதல்ல குந்துங்க. வண்டிய விட்டு எறங்குனதும் எறங்காததுமா எங்க எம்மவ எங்க எம்மவன்னா, வேர்த்து ஊத்துது பாருங்க. அந்த விசிறிய எடுத்துக்குங்க.

வண்டி எங்க போயிடும்? மாட்ட அவுத்து ஏரிக்குத் தண்ணி காட்ட ஓட்டிட்டுப் போவச் சொன்னேன். ஒங்க வண்டிக்காரரு ரெண்டு சொம்பு கம்பங்கூழு குடிச்சாரு, முந்திரி மரத்தடியில சாஞ்சாரு, இப்ப கொறட்ட விடுறாரு. வரதராசன்பேட்டையிலேருந்து இந்த வெயில்ல வந்த மனுசன எழுப்பலாமா? பாவம். வெயிலு தாழட்டும்.

இந்தாங்க, இதச் சாப்புடுங்க. சீம்பாலுதான். நம்ம செவலப் பசு நேத்து காலையில கன்னு போட்டுச்சு. கெடேரிக் கன்னு. வெல்லம் போட்டு ஏலக்கா ஒண்ணு தட்டிப்போட்டு ஆவியில வேகவச்சேன். வேணாம்னு சொல்லாதீங்க, ஒங்களுக்குப் புடிக்கும்னு புஷ்பம் சொல்லியிருக்கா. சின்னப் புள்ளையில அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் குடுக்காம நீங்களே சட்டியச் சொரண்டித் தின்பீங்களாமே.

சிரிச்சுட்டீங்க, அப்பாடா. கோவமா இருக்கும்போது சீம்பாலு எறங்காது.

கோவம் நியாயந்தான். நான் இல்லைங்கல. தலப் பிரசவம் தாய் வூட்டுலதான். ஏழாம் மாசம் ஆளு விட்டீங்க, மழைன்னு சொல்லி அனுப்புனேன். அடுத்த தடவ விட்டீங்க, மாட்டுக்குக் கோமாரின்னேன். அப்புறம் எங்க வூட்டுக்காரரு இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னேன். மரியசூசை இடுப்பு யுத்தத்துக்கு முன்னாடியே புடிச்ச இடுப்பு, அது ஒங்களுக்கும் தெரியும். பொய் சொல்லிப் பொய் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சொன்னா சாமியாரு, ஏம்மா சவேரியம்மா, அடுத்த வாரத்துக்கு என்ன பொய் வச்சிருக்கேன்னு கேக்குறாரு.

என்ன சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஓ, அதுவா! கலியம்மா வூட்டு ஆடு. செனையா இருக்கு, இன்னைக்கோ நாளைக்கோ. அது காலையிலேருந்து கத்துது. நீங்க சாப்புடுங்க.

மாப்புள்ளையா? அந்தா வேலி ஓரமா நிக்கிறானே ஞானமுத்து. ஏன் அசையாம நிக்கிறான்னா, கால்ல முள்ளு குத்திடுச்சு. வருவான், வருவான்.

ஒங்களுக்கு யாரு போட்டுக் குடுத்தான்னு எனக்குத் தெரியும். சந்தையில அந்த முட்டக்காரிதானே? புஷ்பம் ஆம்பளைக்கு முன்னாடி சாப்புடுறா, தெனம் ஒரு முட்ட திங்கிறா, கீர திங்கிறா, மீனு திங்கிறான்னு சொன்னாளா? அத்தனையும் நெசம். கருவாட்ட விட்டுட்டா, அதையும் சேத்துக்குங்க. அவளுக்கு வயித்தெரிச்சல், எங்க வூட்டுக் கோழி முட்ட அவ கூடைக்குப் போறதில்ல.

தெரியும், தெரியும். மாசமா இருக்குறவ அர வயிறுதான் சாப்புடணும், இல்லாட்டி புள்ள பெருத்துப்போயி வெளிய வராது. இதத்தானே சொல்ல வரீங்க? எம் மாமியாளும் இதத்தான் சொன்னா. அர வயிறுன்னு சொன்னாளே தவிர, கால் வயித்துக்குத்தான் ஊத்துனா. மிச்சத்த யாரு தின்னான்னு அவ ஒடம்பப் பாத்தாலே தெரியும். மாதா அவ ஆத்துமாவ ரச்சிக்கட்டும்.

நான் மட்டும் என்ன அறிவோட பொறந்தேனா? ஜெயங்கொண்டத்துலேருந்து ஒரு நர்சம்மா வந்தா. நம்ம கோயில் வாசல்ல பொம்பளைங்கள எல்லாம் கூட்டிவச்சு, துணியில எழுதுன படம் ஒண்ணத் தொங்க விட்டா. ஒரு வெள்ளக்காரப் புள்ள, கொழுகொழுன்னு. பக்கத்துல ஆப்பிளாம், ஆரஞ்சாம். இருசம்மா எழுந்து, ஏம்மா, இந்தப் புள்ளைக்கு ஒடம்பு ஏன் இப்படி வீங்கியிருக்கு, மருந்து என்னன்னு கேட்டா பாருங்க! அவ்வளவுதான், கூட்டம் கலைஞ்சுபோச்சு. ரேசன்ல புழுத்த அரிசியக்கூட ஒழுங்கா போட மாட்டேங்குறான், இவ ஆப்பிளு திங்கச் சொல்றா. போவும்போது அவ ஒண்ணு சொன்னா. புள்ள பெத்ததும் வர்ற மொதப் பால பீச்சிக் கொட்டாதீங்க, அதத்தான் குடுக்கணும்னு. அதுக்கும் சிரிச்சோம். அந்த மஞ்சப் பால யாராவது குடுப்பாங்களா, கெட்ட பாலுல்லன்னு சொன்னோம்.

அப்புறந்தான் இந்தச் செவல போன ஈத்து ஈனுச்சு. நான் சொம்ப எடுத்துக்கிட்டுப் போறேன், எனக்குச் சீம்பாலு ஆசை. மரியசூசை பாஞ்சு வராரு. அடியே, கன்னு குடிக்காம ஒரு சொட்டு பீச்சாத, மொதப் பாலு உள்ள போவலன்னா கன்னு தங்காதுடி! அப்படிச் சொல்லிட்டு, அந்த எழுந்திரிக்க முடியாத கன்னுக்குட்டியத் தூக்கிட்டுப் போயி, காம்ப அது வாயில வச்சு, குடிடா ராசா குடிடாங்குறாரு. இடுப்பு புடிச்ச மனுசன்!

எனக்கு ஆங்காரம்னா ஆங்காரம். சொம்ப கீழ போட்டேன். ஏன்யா, நான் ஞானமுத்துவப் பெத்தப்ப எம் பால என்னய்யா பண்ணுனீங்க? செவுத்துல பீச்சச் சொன்னா ஒங்காத்தா, கொட்டாங்குச்சியில புடிச்சு எறும்புப் புத்துல ஊத்திட்டு வந்தது நீ. எம் புள்ளைக்குப் பொறந்ததும் நாக்குல தடவுற சேனைன்னு சீனித் தண்ணி, வெளக்கெண்ண, கழுதப்பாலு. கழுதைக்குட்டியா பெத்தேன் நான்? மாடு செனையானா புண்ணாக்கு, பருத்திக்கொட்ட, தவிடு. நான் செனையானா வடிச்ச தண்ணி. ஏன்னு கேட்டேன். தலையச் சொறிஞ்சுக்கிட்டு, அது மாடுடீங்குறாரு. ஆமா, மாடுன்னா நீ காசு குடுத்து வாங்கணும், நான் காசு கொண்டாந்தவதானேன்னேன். மனுசன் அன்னைக்கு முழுக்க கன்னுக்குட்டிகிட்டத்தான் பேசிக்கிட்டிருந்தாரு.

ஆறு பெத்தேன் சம்பந்தியம்மா. இவன் ஒருத்தன்தான் எப்படியோ உசுரக் கெட்டியா புடிச்சுக்கிட்டான்.

சரி, அத வுடுங்க. கேளுங்க கூத்த. புஷ்பம் முழுகாம இருக்கான்னு தெரிஞ்சதும் மரியசூசைகிட்ட ஒரே வார்த்ததான் சொன்னேன். செவலைக்கு என்ன வைப்பியோ அத மருமவளுக்கும் வையி, அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலன்னேன். இப்ப என்ன ஆச்சு தெரியுமா? கஞ்சிக்குக் குந்தறதுக்கு முன்னாடி, புள்ளத்தாச்சி சாப்புட்டாச்சான்னு கேக்குறாரு. இல்லன்னா மொணமொணத்துக்கிட்டுக் காத்துக்கிட்டு நிக்கிறாரு. ஆம்பள காத்துக்கிட்டு நின்னா செத்தா போவான்? ஒருத்தனும் சாவல.

எங்க வூட்டுல பசு இருக்கு, கோழி இருக்கு, நாலு குழி நெலம் இருக்கு. இல்லாதவ என்ன பண்ணுவா? அதுக்குத்தான் புடியரிசியில கைய வச்சேன். ஆமா, கோயிலுக்கு எடுத்து வைக்கிற அதே புடியரிசிதான். ஒல வைக்கும்போது ஒரு புடி எடுத்து மாதா பானையில போடுவோமே, அத. அரிசி ஏது இந்தக் காலத்துல, கம்போ வரகோதான். நான் தெருவுல ஒவ்வொரு வூடாப் போயி, இனிமே வாரத்துல மூணு நாளு புடி மாதாவுக்கு, மிச்ச நாளு புடி தெருவுல எவ மாசமா இருக்காளோ அவளுக்குன்னு சொன்னேன். இது மாதாவுக்கு நேர்ச்ச, தவறுனா ஆம்பளைங்களுக்கு வயித்தால போவும்னும் சொன்னேன். ஆமா, நானாத்தான் சொன்னேன். மாதா எங்க எங்கிட்ட வந்து சொன்னாங்க? ஆனா பாருங்க, ரெண்டாவது வாரமே தெருக்கோடி சிங்காரவேலு பொண்டாட்டிய புடி போடக் கூடாதுன்னான், அவனுக்கு நெசமாவே வயித்தால போச்சு. கருவாடு கெட்டுப்போனதத் தின்னிருக்கான். அதுக்கப்புறம் ஒருத்தன் வாயத் தொறக்கணுமே!

மணியடிக்கிற கோயில்புள்ள அமிர்தசாமி போயி சாமியார்கிட்ட வத்தி வச்சுட்டான், சவேரியம்மா மாதா பங்கத் திருடுறான்னு. கூப்புட்டு விட்டாரு. போனேன். சாமி, மாதாவே நெற மாசத்துல கழுத மேல குந்திக்கிட்டு ஊரு ஊரா அலைஞ்சவங்கதானே, அன்னைக்கு ஒருத்தி ஒரு வாயி கஞ்சி ஊத்தியிருந்தா மாதா வேணாம்னா சொல்லியிருப்பாங்க, அந்தக் கஞ்சியத்தான் இப்ப ஊத்துறேன்னேன். சாமியாரு தாடியத் தடவுனாரு. அடுத்த ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல இது அவரு யோசனையாம்! மூஞ்சியில ஒரு சிரிப்புக்கூட இல்லாம சொல்றாரு. சொல்லிட்டுப் போவட்டும், எனக்குக் கஞ்சி போயிச் சேந்தா சரி. கீழத்தெருவுலயும் புடிச்சுக்கிட்டாங்க, அவங்க மாரியாத்தா பேர்ல.

மெதுவா, மெதுவா, எங்க எழுந்திரிக்கிறீங்க? அதான் சொன்னேனே, ஆடு. இந்தச் சத்தம் வேற மாதிரி இருக்குதா? சின்னதா இருக்குதா? அப்பக் குட்டி போட்டுருச்சு போல. நீங்க குந்துங்க. இன்னும் கொஞ்ச நேரம். நான் ஒங்க கையப் புடிச்சுக்கிறேன், குந்துங்க. ஒண்ணு சொல்லணும் ஒங்ககிட்ட.

ஒங்க மூத்த பொண்ணு லீலாவோட புள்ளையப் பொதைக்க எடுத்துக்கிட்டுப் போனப்ப நானும் வந்தேன்ல. ஒங்க பெரிய மருமவன் பொட்டிய ஒரு கையில இடுக்கிக்கிட்டுல்ல நடந்தாரு, அவ்ளோ சின்னப் பொட்டி. கல்லறையிலேருந்து திரும்பி வந்ததும் நீங்க என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, எல்லாம் மொறப்படிதானே செஞ்சேன், அர வயிறுதான் போட்டேன், பெத்தவளுக்குத் தண்ணி காட்டல, கெட்ட பால ஒரு சொட்டு விடாமக் கொட்டுனேன், அப்புறம் ஏன் மதினி போச்சுன்னு கேட்டீங்க. சம்பந்தியம்மான்னுகூடக் கூப்புடல, மதினின்னீங்க. நான் ஒங்களோட சேந்து அழுதேன், அவ்ளோதான் தெரிஞ்சுது.

அழுவாதீங்க. அய்யோ, கிண்ணத்துல கண்ணீரு விழுது, உப்புக் கரிக்கும். தொடச்சுக்குங்க.

அந்த முந்தானையில என்ன முடிச்சு? பாத்துட்டேன், மறைக்காதீங்க. சீனியா? சேனை வைக்கவா? ரேசன் சீனிய நீங்க காப்பிக்குப் போடாம சேத்து வச்சிருப்பீங்க, ஒங்களத் தெரியாதா எனக்கு. ஒங்களுக்குப் புள்ள மேல இல்லாத ஆசையா.

இருங்க, கலியம்மா வேலிகிட்ட வரா. என்னடி? சத்தமா சொல்லு, பரவால்ல, இனிமே சத்தமாவே சொல்லு. குடிச்சுதா? நல்லாச் சப்புச்சா? அவளுக்குத் தண்ணி குடுத்தாளா காத்தாயி? நெறைய? சரி, போ. நாங்க வரோம்.

ஆடு இல்ல சம்பந்தியம்மா. கலியம்மா வூட்டுல ஆடே கெடையாது.

கோழி கூப்புடும்போதே வலி எடுத்துடுச்சு. எங்க வூட்டுல மறைப்பா ஒரு அறை கெடையாது, அதான் அவ வூட்டு அறையில படுக்க வச்சோம். காத்தாயி கைராசியான மருத்துவச்சி, பக்கத்துலயே இருந்தா. ஒங்க வண்டி ஏரிக்கர ஏறுதுன்னு ஞானமுத்து ஓடியாந்து சொன்னதும் ஒங்கள இங்கயே குந்த வைக்கணும்னு வாசலுக்கு ஓடியாந்தேன். நீங்க பொல்லாதவங்கன்னு இல்ல. நீங்க பெத்தவங்க. உள்ள போயி நின்னு, தண்ணி குடுக்காதன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, பீச்சிக் கொட்டுன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, எம் பேச்சு, காத்தாயி பேச்சு, நர்சம்மா பேச்சு எதுவும் அவ காதுல ஏறாது. ஆத்தா பேச்சத்தான் கேப்பா. வலியில அம்மாவ வரச்சொல்லுங்க அத்தன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இருந்தும் ஒங்கள இங்கயே புடிச்சு வச்சேன். மொதப் பாலு உள்ள போவட்டும், அப்புறம் செருப்பால வேணாலும் அடிக்கட்டும்னு நெனைச்சுக்கிட்டேன்.

பேத்தி. நல்ல கனமாம். வெளிய வரும்போதே ஊரக் கூட்டுச்சாம்.

திட்டுங்க, போயிப் பாத்துட்டு வந்து திட்டுங்க. அந்தச் சீனிய இப்ப அவுக்காதீங்க, சேனை வேணாம், அதுதான் குடிச்சுருச்சே. புஷ்பத்துக்குக் கஞ்சி காய்ச்சி அந்தச் சீனியப் போட்டு ஒங்க கையால குடுங்க. காலையிலேருந்து ஒங்களத்தான் தேடுறா. முழு வயித்துக்குக் குடுங்க.

கிண்ணத்த இங்க குடுங்க, பயப்படாம வாங்க. எனக்கா? எனக்குக் காலையிலேருந்தே பயந்தான். அதான் வாயி இவ்ளோ பேசிச்சு.