இந்தப் பூ முடியட்டும்

டீக்குச் சர்க்கரை போதும், மேடம். உப்புதான் எனக்கு ஆகாது. ஒரு கிட்னிதான் வேலை செய்கிறது.

இந்தக் கேடு என் மாமனார் வீரபாகு கொடுத்தது. கரையைத் தனி நாடாவில் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் நெய்வார், வலப்பக்கக் கரைக்கு நான் நாடா தள்ள வேண்டும். நான் எழுந்தால் தறி நின்றுவிடும். ஒண்ணுக்குப் போக வேண்டுமென்று நெளிந்தால், "இரும்மா, இந்தப் பூ முடியட்டும். எழுந்துகினே இருந்தா சேலை எப்ப எறங்கறது?" என்பார். சேலையில் ஒரு பூ முடிந்தால் அடுத்த பூ. பதினோரு வருடம். எழ வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதையே விட்டேன். கல் சேர்ந்து அடைத்தது. மூத்திரம் பின்னுக்குத் தேங்கி வலது கிட்னி வீணாய்ப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள், "தறிக்கு எப்ப வர்றே?" என்றுதான் கேட்டார். இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிகிறது.

போன மாதம் அவருக்கே மூத்திரம் அடைத்துக்கொண்டது. ப்ராஸ்டேட் வீக்கம். டாக்டர் டியூப் போட்டு, பத்து நாளில் ஆபரேஷன் என்றார். "டியூப் மடங்கவே கூடாதும்மா. தேங்கினா கிட்னி போயிடும், ரத்தத்துலயும் கிருமி ஏறிடும்." என்னிடம்தான் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஹேமநாத் தேசூருக்கு ஒரு சாவுக்குப் போனார். வர இரண்டு நாள் ஆகும். கட்டிலுக்குக் கீழே, எழ முடியாமல் கிடந்த மாமாவின் கை எட்டாத இடத்தில், டியூபை மடித்துப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டினேன். பிறகு தறியில் உட்கார்ந்தேன்.

மதியம் கெஞ்ச ஆரம்பித்தார். "லதா, அடிவயிறு வெடிக்குதும்மா. ஜல்தியா வந்து பாரு."

"இருங்க மாமா, இந்தப் பூ முடியட்டும்."

தனியாளாகக் கோர்வை போட்டால் ஒரு பூவுக்கே ஒரு பகல் ஆகிவிடும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் குளிர்சுரம் வந்து, பேச்சு குழறியது. நான் இரண்டாவது பூவில் இருந்தேன். இழை ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஹேமநாத் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

கட்டியது நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். இரண்டாவது பூ முடிந்ததும் முதல் வேலையாக அவிழ்த்துவிட்டேன். அவர் எனக்கு அதைக்கூடச் செய்ததில்லை.