இறுதி ஆட்டமும் சாமத்திய வீடும்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ரூ லூயி-பிளாங் தெருவில், தமிழ் மரக்கறிக் கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்காவும் தம்பியும் பேசியது இது.

“என்ர மகள் பெரிய பிள்ளையானதுக்கு ஞாயிறு காலமை பத்து மணிக்குச் சாமத்திய வீடு. அதே நேரத்திலதானாம் அவளின்ர டெனிஸ் ஃபைனல்!”

“விளையாடட்டுமக்கா!”

“வெயிலில நிண்டு கறுத்துப்போவாளடா!”

“நூறு வருசத்துக்கு முந்தி தென்னாபிரிக்காவில ஒரு டெனிஸ்காரன். ஒவ்வொருமுறையும் கப்பலில இங்க விளையாட வந்து தோத்தவன். கடைசியா ஃபைனலுக்கு வர, தங்கச்சிக்குக் கலியாணமெண்டு தந்தி. விளையாடாமல் கப்பலேறிட்டான். பிறகு அவனுக்கு ஃபைனலே கிடைக்கேல்லை!”

“ஆர் சொன்னது?”

“உன்ர மகள். பள்ளிக்கூடத்துக்குக் கதையா எழுதினவள். எனக்கு வாசிச்சுக் காட்டேக்கை அழுதவள்.”

அக்கா கத்தரிக்காயை வைத்துவிட்டுக் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தார்.

“ஐயா, ஞாயிறு பின்னேரம் நல்ல நேரம் இருக்கோ? கெதியாப் பாருங்கோ!”

மறுநாள் அந்தக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமத்திய வீட்டு அழைப்பிதழில், பத்து மணியை வெட்டி இரண்டு மணி என்று பேனாவால் எழுதியிருந்தது.