மூன்று நீலக் கோப்பைகள்

விஸ்கியில் ஐஸ் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும். சிங்கிள் மால்ட் மாதிரி உசத்தி விஸ்கி என்றால் நிதானமாக முகர வேண்டும், நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர வேண்டும், நாக்கில் புரட்டித் துப்பிவிட வேண்டும். நிறம் ஆளை ஏமாற்றும் என்பதால் எங்கள் கிடங்கில் கோப்பைகள் எல்லாம் கருநீலம். வெளி வாசனை கலந்துவிடக் கூடாது என்று என் அறைக்குள் யாரையும் விடமாட்டேன், உதவியாளரைத் தவிர. இருபத்தாறு வருஷம் என் மூக்கு சொன்னதுதான் அங்கே தீர்ப்பு.

அந்த உதவியாளர் என் தங்கை புருஷன். வேலை வாங்கித் தந்ததே நான்தான். தங்கமான மனுஷர்.

அன்று மூன்று கோப்பை வைத்தார். முதலாவதில் புகையும் தேனும், இரண்டாவதில் உலர்ந்த திராட்சை, மூன்றாவது இருபத்தொரு வருஷச் சரக்கு என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், மூணும் ஒரே பாட்டில். முக்குக் கடையில வாங்கின மட்டச் சரக்கு. போன வருஷம் ஜுரம் வந்துச்சே, அதுக்கப்புறம் உங்களுக்கு வாசனையே தெரியல."

"யாருகிட்ட சொன்னீங்க மாப்பிள்ளை?"

"யாருகிட்டயும் இல்ல. நாளைக்கு முதலாளிகிட்ட நானே பக்குவமா சொல்றேன். வேற வேலை குடுப்பாங்க. கவலைப்படாதீங்க."

அவர் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்தப் பரிவைத்தான் பொறுக்க முடியவில்லை.

பீப்பாய்த் தக்கையைத் தட்டி எடுக்கும் மரச் சுத்தியல் மேஜைமேலேயே இருந்தது. முதல் அடியில் விழுந்தார். "மச்சான்?" என்றார், ஏதோ சந்தேகம் கேட்பது போல. நான் அவசரப்படவில்லை. ஏழாவது அடிக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் மேல்மூடி கழற்றிய பெரிய பீப்பாய் ஒன்று காலியாக இருந்தது. முழங்கால்கள் உள்ளே அடங்கவில்லை. அவற்றையும் அடித்து மடக்கினேன். மூடியைப் பொருத்தி, தரையைக் கழுவி, கோப்பைகளையும் கழுவி வைத்தேன்.

வெளியூர்க் கிடங்குக்குப் போயிருக்கிறார் என்று தங்கையிடம் சொன்னேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். பாசம் இல்லாதவன் இல்லை நான்.

ஒன்பதாம் நாள் யார் தடுத்தும் கேட்காமல் என் அறைக் கதவைத் திறந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, இதுக்குள்ள எப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். பிறகு பீப்பாயைப் பார்த்தாள்.

நீங்களும் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் வந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அறை நாறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். ஒன்பது நாளும் அந்தப் பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்துதான் சரக்குக்கு மதிப்பெண் போட்டேன். நாறியிருந்தால் முதலில் எனக்கல்லவா தெரிந்திருக்கும்?